லாரி பேட்டரியில் வெல்டிங்: எப்படிப் பற்றுகிறது, எங்கே காலை வாருகிறது

இரண்டு லாரி பேட்டரி, ஒரு ஜோடி ஜம்பர் கேபிள், ஒரு வெல்டிங் ராடு. அரை நிமிடத்தில் ஒடிந்த ஆங்கிள் ஒட்டிவிடுகிறது. கைப்பேசியில் சுற்றிவரும் இந்த வகைக் காணொளிகளைப் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். "12 வோல்ட்டில் லைட்டுதான் எரியும், இரும்பு எப்படி உருகும்? ஏமாற்று வேலை" என்கிறது ஒரு கட்சி. "இவ்வளவுதானா, இனி பட்டறையே வேண்டாம்" என்கிறது இன்னொன்று. முதல் கட்சிக்கு மின்சாரக் கணக்கு புரியவில்லை. இரண்டாவது கட்சி, காணொளியில் வெட்டிவிட்ட பகுதியைப் பார்க்கவில்லை.

மதுரையைப் பொறுத்தவரை நான்குவழிச் சாலையில் நின்ற வண்டிக்கு இந்த வித்தை தேவையே இல்லை. கப்பலூர், திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டறை உண்டு. மெஷினோடு வண்டிக்கே வந்து வேலை பார்ப்பவர்களும் உண்டு. தேவை வருவது வேறு இடங்களில். மேலூர்ப் பக்கம் தை, மாசி அறுவடையில் வாய்க்காலுக்கு அந்தப்புறம் வயலுக்குள் நிற்கும் அறுவடை இயந்திரம். உசிலம்பட்டி தாண்டி வருசநாட்டு மலையடிவாரத்தில் இரவில் அச்சாணிப் பக்கம் ஏதோ ஒடிந்து நிற்கும் டிராக்டர் டிரெய்லர். அங்கே கரண்டும் இல்லை, ஆளும் இல்லை. பேட்டரி மட்டும் இருக்கிறது.

வெல்டிங் மெஷின் செய்யும் வேலை என்ன?

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் மின்சாரத்தின் அளவு. இரும்பை உருக்கும் சூட்டுக்குப் பெரிய வோல்ட் வேண்டாம். பெரிய ஆம்பியர்தான் வேண்டும். பட்டறை மெஷின் சுவரிலிருந்து 230 அல்லது 415 வோல்ட்டை வாங்கி, ராடு நுனியில் 20 முதல் 30 வோல்ட்டாகக் குறைத்து, அதற்கு ஈடாக ஆம்பியரை 100 பக்கம் ஏற்றிக் கொடுக்கிறது. தடியான டிரான்ஸ்பார்மரானாலும் தோளில் மாட்டிச் செல்லும் இன்வெர்ட்டர் மெஷினானாலும் அடிப்படை வேலை இதுதான்.

வண்டி பேட்டரி பிறப்பிலேயே அப்படிப்பட்டது: குறைந்த வோல்ட், மிகப் பெரிய ஆம்பியர். டீசல் என்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளுக்குப் பல நூறு ஆம்பியரை இழுக்கிறது. அதைக் கொடுக்கக்கூடிய பேட்டரிக்கு வெல்டிங்கின் 80, 90 ஆம்பியர் பெரிய சுமை அல்ல.

இது புது வித்தையும் அல்ல. 1881-இல் பிரான்சில் ஆகஸ்த் தெ மெரித்தான் கார்பன் ஆர்க்கின் சூட்டால் ஈயத் தகடுகளை ஒட்டினார். அந்தத் தகடுகள் எதற்கு என்றால், பேட்டரி செய்வதற்கு. பிறகு நிக்கலாய் பெனார்தோஸ் அதைப் பொதுவான வெல்டிங் முறையாக வளர்த்து 1885-இல் பிரிட்டிஷ் காப்புரிமை பெற்றபோது, அவருக்கு மின்சாரம் கொடுத்தவை வரிசையாக அடுக்கிய சேமிப்பு பேட்டரிகள். ஆக, வெல்டிங்கின் தொடக்கத்திலேயே பேட்டரி இருந்தது.

ஒன்று போதாது, இரண்டு மட்டுமட்டு, மூன்று மிஞ்சும்

ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறிதான் ஆர்க். ராடு வைத்துச் செய்யும் ஸ்டிக் வெல்டிங்கில் ஆர்க்குக்கு எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பதற்கு ஒரு வழக்கமான வாய்பாடு உண்டு: 20-உடன் ஆம்பியரின் நூற்றில் நான்கு பங்கைக் கூட்ட வேண்டும். 80 ஆம்பியருக்கு 23.2 வோல்ட். ராடை மிக நெருக்கமாகப் பிடித்தால் 22 வோல்ட்டிலும் ஓட்டிவிடலாம். இதை வைத்துப் பார்ப்போம்.

1. ஒரு பேட்டரி: முழு சார்ஜில் 12.6 வோல்ட். ஆர்க் நிற்காது. தொட்டால் பொறி பறக்கும், ராடு ஒட்டிக்கொண்டு சிவக்கும், அவ்வளவுதான்.

2. இரண்டு பேட்டரி சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து): 25.2 வோல்ட். ஆர்க்குக்கு 22 போனால் மீதி 3.2. பேட்டரிகளின் உள்தடை, கேபிள், கிளிப் எல்லாம் சேர்த்து வழியில் 35 மில்லி ஓம் (0.035 ஓம்) தடை என்று வைத்துக்கொண்டு மீதி வோல்ட்டை அதால் வகுத்தால், ஓடுவது சுமார் 90 ஆம்பியர். 12 கேஜ் ராடு (2.5 மி.மீ.) கேட்பது 60 முதல் 90. சரியாகப் பொருந்துகிறது.

3. மூன்று பேட்டரி: 37.8 வோல்ட். ஆர்க்குக்கு 24 போக மீதி 13.8. தடை 42 மில்லி ஓம் என்றால் கணக்கு 330 ஆம்பியரைக் காட்டுகிறது. சுமையில் பேட்டரி வோல்ட் சரியும், கிளிப் சூடேறித் தடை கூடும், ஆர்க் நீளும்போது அதன் வோல்ட்டும் ஏறும். அதனால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே ஓடும். ஆனாலும் 10 கேஜ் ராடு (3.15 மி.மீ.) தாங்குவது 130 பக்கம்தான். ராடு பாதியிலேயே சிவந்து, மேல்பூச்சு உதிர்ந்துவிடக்கூடும்.

இரண்டாவது வரியை மறுபடி பாருங்கள். முழு வேலையும் அந்த 3.2 வோல்ட்டில் தொங்குகிறது. பேட்டரி பாதி சார்ஜில் இருந்து ஆளுக்கு 12.2 வோல்ட் காட்டினால், மீதி 2.4 ஆகிவிடும், ஆம்பியர் 70-க்கு இறங்கும். ஜம்பர் கேபிள் மெலிதாக இருந்து இன்னொரு 20 மில்லி ஓம் சேர்ந்தால் 45-க்குக் கீழே போய்விடும். அப்போது நடப்பது வெல்டிங் அல்ல, இரும்பின்மேல் கசடு பூசும் வேலை. ஒருவர் "அருமையாகப் பிடிக்குது" என்பதும் இன்னொருவர் "சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது" என்பதும் இதனால்தான். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பட்டறை மெஷினில் ஆம்பியரைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடியோ குமிழோ இருக்கும். ராடு ஒட்டிக்கொண்டாலும் மெஷின் ஓர் எல்லைக்குமேல் கொடுக்காது. பேட்டரியில் அந்தத் தடுப்பு கிடையாது. ராடு ஒட்டிக்கொண்ட நொடியில் ஆர்க் மறைந்து 25 வோல்ட்டும் நேராகத் தடையின்மேல் விழுகிறது. 700 ஆம்பியர் ஓட வழி திறந்துவிடுகிறது. பட்டறை மெஷினில் பற்றவைக்கும் முன் நுனியில் 50, 60 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பேட்டரியில் 25 மட்டுமே என்பதால் ராடு ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். அப்போது ராடைப் பிடித்து ஆட்டி இழுக்கக் கூடாது. ராடைக் கவ்வும் ஹோல்டரின் பிடியை அமுக்கி ராடை விட்டுவிட வேண்டும். ஹோல்டருக்குப் பதில் ஜம்பர் கிளிப்பிலேயே ராடைக் கவ்வ வைத்து வெல்டிங் செய்வதாகக் காட்டும் காணொளிகள், இந்த ஒரு காரணத்துக்காகவே பின்பற்றத் தகுந்தவை அல்ல.

எத்தனை ராடு ஓடும்?

பேட்டரியின் மேல் "100 ஏ.எச்." (ஆம்பியர்-மணி) என்று அச்சிட்டிருப்பது 20 மணி நேரக் கணக்கு: 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். 80 ஆம்பியரை ஒரேயடியாக உருவினால் அதில் பாதிதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. 12 கேஜ் ராடு ஒன்று எரிய ஏறக்குறைய ஒரு நிமிடம். பத்து ராடு ஓட்டினால் ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் 13 ஏ.எச். போகும். லாரி பேட்டரி அதைத் தாங்கும். 35 ஏ.எச். கார் பேட்டரி ஏறக்குறைய காலி.

வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். அது மெதுவாக, நீண்ட நேரம் கொடுப்பதற்காகத் தடித்த தகடுகளோடு செய்தது. ஒரே மூச்சில் கொடுப்பதில் வண்டி பேட்டரிக்குப் பின்னால்தான் நிற்கும். மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியை மட்டும் இந்தப் பேச்சுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. அதன் காவல் சுற்று கரண்டை உடனே துண்டிக்கும், துண்டிக்காவிட்டால் தீ.

ஒட்டு நன்றாகவே விழுந்தாலும் வெல்டிங் முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமே? இருக்கும் இரண்டு பேட்டரியையும் கரைத்துவிட்டு, ஒடிந்தது ஒட்டிய லாரியில் சாவியைத் திருப்பினால் "டக்" என்ற சத்தம் மட்டும் வரும். காட்டுக்குள் இரண்டாவது வண்டி இல்லாமல் இதைத் தொடங்குவது, ஒரு பிரச்சினையைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதுதான்.

இணைப்பு: பேட்டரியை ஏன் வெளியே எடுக்க வேண்டும்?

பெரும்பாலான லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி ஏற்கெனவே சீரியஸில் நிற்கும். டிராக்டரிலும் காரிலும் ஒன்றுதான். அங்கே இரண்டு வண்டியிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் முறை எளிது: முதல் பேட்டரியின் பிளஸ்ஸும் இரண்டாவதன் மைனஸும் ஒரு துண்டு கேபிளால் இணையும். மிஞ்சும் இரண்டு முனைகளில் ஒன்று ஹோல்டருக்கு, இன்னொன்று ஒட்ட வேண்டிய இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப்புக்கு.

ஆபத்து இருப்பது சோம்பலில். பேட்டரியைக் கழற்றாமல், இரண்டு வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி நீளமான கேபிளால் சேர்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு வண்டியிலும் பேட்டரியின் மைனஸ் அதன் பாடியோடு கட்டப்பட்டிருக்கிறது. சீரியஸில் சேர்த்தவுடன் ஒரு வண்டியின் பாடி முழுவதும் மற்ற வண்டியின் பாடியைவிட 12 வோல்ட் மேலே நிற்கும். இரண்டு பம்பரும் உரசினாலோ, இடையில் இழுவைச் சங்கிலி கிடந்தாலோ, ஒருவர் இரும்பு லிவரை இரண்டின்மேலும் சாய்த்து வைத்தாலோ நேர் ஷார்ட். வயர் புகைந்த பிறகும் எந்த இடத்தில் தவறு என்று கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எந்த வயரும் தப்பாகப் போட்டிருக்காது. ஆகவே இரண்டு பேட்டரியையும் கழற்றித் தரையில் மரப்பலகைமேல் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஒரு பேட்டரி புதுசு, ஒன்று பழசு என்று கலக்கவும் கூடாது. சீரியஸில் இரண்டுக்கும் ஒரே கரண்ட்தான் ஓடும். நலிந்த பேட்டரியின் நலிந்த செல் முதலில் காலியாகி, மற்றவை தள்ளும் கரண்டில் அதன் பிளஸ், மைனஸ் தலைகீழாக மாறும். உள்ளே ஆசிட் கொதிக்கத் தொடங்கும்.

24 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண் இவற்றில் ஏதாவது ஒன்று ஸ்பேனருக்கும் டெர்மினலுக்கும் இடையே மாட்டினால் அது தோலோடு சேர்ந்து பழுக்கும். எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

ஹைட்ரஜன்: தூரம் வேண்டும், தூரத்துக்குத் தடித்த கேபிள் வேண்டும்

பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது, குறிப்பாக 14.4 வோல்ட்டைத் தாண்டும்போது, அதிலுள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். இப்போதுதான் ஓடி நின்ற வண்டியின் பேட்டரி, அதுவும் வெயில் காலத்தில், மூடிக்கு மேல் அந்த வாயுவைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். வெல்டிங்கோ பொறி மழை.

அதனால் பேட்டரி ஆர்க்கிலிருந்து குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளி, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். மூடிகளைத் திறக்கக் கூடாது. கடைசி இணைப்பைப் பேட்டரி டெர்மினலில் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் பொறி பறப்பது கடைசி இணைப்பில்தான். லாரியில் வருவது போன்ற கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் போட்டு, அதனருகே ஒரு ஆளை நிற்க வைப்பது இந்த முழு ஏற்பாட்டிலும் மிக மலிவான காப்பு.

தூரம் கூடினால் கேபிள் நீளும். நீண்டால் அந்த 3.2 வோல்ட் கரையும். போக வர ஆறு மீட்டர் செம்புக் கேபிள் 25 ஸ்கொயர் எம்.எம். ஆக இருந்தால் 100 ஆம்பியரில் இழப்பது அரை வோல்ட்டுக்கும் குறைவு. அதே நீளம் 6 ஸ்கொயர் ஆக இருந்தால் 1.75 வோல்ட் போய்விடும். கடையில் வாங்கும் பல ஜம்பர் கேபிள்கள் வெளியே பார்க்கத் தடிமனாக இருக்கும். உறையை உரித்தால்தான் உள்ளே எவ்வளவு செம்பு என்பது தெரியும். காணொளிகளில் பேட்டரியைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு ஒட்டுவதன் காரணம் இதுதான். கேபிள் மெலிது, தள்ளிப் போனால் ஆர்க் வராது.

ஆசிட் கண்ணில் தெறித்தால் முதலில் தண்ணீர். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிவிட்டு, பிறகே ஆஸ்பத்திரி. ஆகவே ஒரு குடம் நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். அறுவடை வயலாக இருந்தால் இன்னொரு குடமும் மணலும், வைக்கோலில் தீப் பிடித்தால் அணைப்பதற்காக.

கண், கை, கம்ப்யூட்டர்

ஆர்க் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கண்ணின் முன்பரப்பைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். கூலிங் கிளாஸ் இதைத் தடுக்காது. 10-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வேண்டும். உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் கிருமித் தொற்றைத்தான் சேர்க்கும். பக்கத்தில் டார்ச் பிடித்து நிற்கும் பையனுக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் மாட்டிக்கொள்பவன் அவன்தான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் என்ஜினை நடத்துவது ஈ.சி.யூ. என்ற சிறு கம்ப்யூட்டர். ஆர்க் விட்டுவிட்டு எரியும்போது எழும் வோல்ட் துள்ளல் அதையும், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரின் டையோடுகளையும் கெடுக்கக்கூடும். ஒட்டப்படும் வண்டியின் இரண்டு டெர்மினலும் கழன்றிருக்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, "சார்ஜும் ஏறும், வெல்டிங்கும் ஆகும்" என்று பார்ப்பது பழைய 12 வோல்ட் டிராக்டரிலேயே தவறு. எர்த் கிளாம்ப் ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, சுரண்டிய சுத்தமான இரும்பில் இருக்க வேண்டும். வண்டியின் மறுகோடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதன் குண்டுகளில் புள்ளி புள்ளியாகக் குழி போடும். அதன் சத்தம் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்கும்.

எதை ஒட்டலாம், எதைத் தொடக் கூடாது?

ஒட்டு பிடிக்குமா என்பதைவிட, விட்டுப்போனால் என்ன விழும் என்பதே இங்கே சரியான கேள்வி. சைலன்சர் தாங்கி, மட்கார்டு கம்பி, டிரெய்லர் பின்கதவின் கீல், அறுவடை இயந்திரத்தின் மூடித்தகடு இவை விட்டுப்போனால் சத்தம் வரும், வேறு ஒன்றும் ஆகாது. ஒட்டலாம்.

தொடக் கூடாதவை:

1. டீசல், பெட்ரோல் டேங்க், எல்.பி.ஜி., சி.என்.ஜி. சிலிண்டரும் குழாயும். காலி டேங்க் இன்னும் மோசம், உள்ளே இருப்பது ஆவி.

2. டயர் மாட்டிய ரிம். காற்றை இறக்கிவிட்டாலும் கூடாது. ரிம்மின் சூட்டில் உள்ளே ரப்பர் சிதைந்து எரிவாயு உண்டாகி வெடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிழைப்பது அரிது.

3. கமான் பட்டை. ஸ்பிரிங் இரும்பு, வெல்டிங் சூட்டிலிருந்து சட்டென்று ஆறும்போது கண்ணாடி போல நொறுங்கும் தன்மை அடையும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும், இம்முறை பள்ளத்தில் இறங்கும்போது.

4. ஸ்டீரிங் கம்பிகள், பிரேக், ஆக்சில்.

5. சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், சொன்ன முறையில் தவிர பட்டறையிலேயே ஒட்டக் கூடாதது.

டிரெய்லரின் இழுவைக் கொக்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பலரும் முதலில் ஒட்டிப் பார்ப்பதும் அதைத்தான். சுமையை முழுவதும் இறக்கிவிட்டு, கூடவே இரும்புச் சங்கிலி கட்டி, நடை வேகத்தில் பட்டறைவரை கொண்டுபோக என்றால் சரி. கரும்பை ஏற்றியபடியே என்றால் கூடாது.

பக்கத்தில் பம்ப்செட் இருக்கிறதே என்று அங்கிருந்து வயர் இழுப்பவர்கள் உண்டு. விவசாயத்துக்கான இலவச இணைப்பை வேறு வேலைக்கு எடுப்பது 2003 மின்சாரச் சட்டத்தின்படி முறைகேடு. அங்கே நிற்பது 415 வோல்ட் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஐந்து கே.வி.ஏ. ஜெனரேட்டரும் சிறிய இன்வெர்ட்டர் மெஷினும் உள்ள ஆளை போன் செய்து வரவழைக்க முடிந்தால் அதுவே போதும். அதற்கான காத்திருப்பு பேட்டரிகளின் விலையைவிடக் குறைவு.

ஒட்டி முடித்த பிறகு

ஆழமாகக் காலியான பேட்டரியை அப்படியே மாட்டி, தள்ளி ஸ்டார்ட் செய்து ஆல்டர்நேட்டரிடம் விட்டுவிடுவதுதான் வழக்கம். காலிப் பேட்டரி இழுக்கும் முழு கரண்டில் ஆல்டர்நேட்டர் நீண்ட நேரம் கொதிக்கும். பேட்டரியும் முழுசாக ஏறாமல், தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். சார்ஜரில் போட்டு மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு செல்லிலும் ஆசிட் அடர்த்தி 1.26-க்கு மேல் வந்துவிட்டதா என்று ஹைட்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். ஒரு செல் மட்டும் பின்தங்கினால் அந்த பேட்டரியின் ஆயுள் முடிந்தது, வெல்டிங் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டறையில் வண்டியை விடும்போது எந்த ஒட்டு பேட்டரியில் போட்டது என்று காட்டிவிட வேண்டும். குறைந்த வோல்ட்டில் விழுந்த ஒட்டுக்குள் கசடும் காற்றுக்குமிழும் சிக்கியிருக்கும். அதன்மேலேயே இன்னொரு வரி ஓட்டினால் வெளியே வழவழப்பாகத் தெரியும், உள்ளே பழைய ஓட்டை அப்படியே இருக்கும். கிரைண்டர் போட்டு, சுத்த இரும்பு தெரியும்வரை சீவி எடுத்துவிட்டுத்தான் புதிதாக ஒட்ட வேண்டும்.